கணினி கேள்வி–பதில்: கேபினெட்டைத் திறக்கும்போது

எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மட்டும் மாற்றினேன். புதியதும் கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை. உள்ளே ஓடிய பழைய கேபிள்களைப் பிடுங்காமல் அவற்றையே புதியதில் செருகிவிட்டேன். இப்போது ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி இரண்டுமே தெரியவில்லை. ஏன்?

கேபிள்தான் காரணமாக இருக்கும். டிஸ்க்கில் செருகும் சாட்டா முனை எல்லோருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. அச்சாகப் பொருந்தும், ஆனால் ஒரு மாடலில் 5 வோல்ட் வரும் துளையில் இன்னொன்றில் 12 வோல்ட் வரும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே இந்த வித்தியாசம் உண்டு. 5 வோல்ட் வழியில் 12 வோல்ட் ஏறினால் டிஸ்க்கின் போர்டு நொடியில் போய்விடும். சோதித்துப் பார்க்கிறேன் என்று மூன்றாவது டிஸ்க்கையும் அதில் மாட்டிவிடாதீர்கள்.

ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பல டிஸ்க்குகளில் மின்சாரம் நுழையும் இடத்திலேயே ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கும். அது தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றியிருக்கலாம். உள்ளே தட்டில் இருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதே மாடல் டிஸ்க்கின் போர்டை வாங்கி மாற்றினால் மட்டும் போதாது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய விவரங்கள் பழைய போர்டின் சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பையும் எடுத்துப் புது போர்டில் வைத்து சால்டர் செய்ய வேண்டும். டேட்டா ரெக்கவரி செய்பவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டு டிடிஆர்5 ரேம் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை. 30 நொடி பார்த்துவிட்டு ஆஃப் செய்துவிடுகிறேன்.

அந்த 30 நொடிதான் சிக்கலோ என்னவோ. புது ரேமை மதர்போர்டு அளந்து பழக முதல் முறை சில நிமிடங்கள்கூட ஆகும். 10 நிமிடம் தொடாமல் விடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமைப் பாருங்கள். ஸ்லாட்டுக்கு மேல் தங்க நிறக் கோடு ஒரு பக்கம் மட்டும் எட்டிப் பார்த்தால் அந்த முனை இறங்கவில்லை. ‘கிளிக்’ கேட்கும்வரை அழுத்துங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4 ஆகியவற்றில்தான் ஜோடியைப் போட வேண்டும்.

ஏஎம்4 (ஏஎம்டி பிராசஸருக்கான ஒரு சாக்கெட் வகை) போர்டு. ஹீட்சிங்க்கைத் தூக்கியபோது பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது!

பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்த நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட், காய்ந்தால் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். அந்த சாக்கெட்டின் லீவர் பின்களை மட்டுமே பிடிக்கிறது, மேலிருந்து அழுத்தும் மூடி இல்லை. அடுத்த முறை கழற்றும் முன் 10 நிமிடம் கணினியை ஓடவிட்டு, அணைத்து, பேஸ்ட் இளகியிருக்கும்போதே ஹீட்சிங்க்கை இடம் வலமாகத் திருகிவிட்டுத் தூக்குங்கள். வளைந்த பின் இருந்தால், எழுதும் குச்சியை எடுத்த 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சிலின் முனையை அதில் நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும்.