கேள்வி பதில்: சங்கத் தலைவர் ஜனாதிபதியானபோது

மஸ்கெலியாவிலிருந்து உயர்தர மாணவி ஒருத்தி அன்டொனின் சாபொடொட்ஸ்கி யார் என்று கேட்டிருந்தாள். சென்ற இதழில் மூன்று வரியில் பதில் எழுதினேன்: கல்தச்சர், தொழிற்சங்கத் தலைவர், 1953இல் செக்கோஸ்லோவாக்கியாவின் கம்யூனிஸ்ட் ஜனாதிபதி, அதே ஆண்டில் தொழிலாளர்களின் சேமிப்பைப் பறித்தவர். கடைசி வரிக்குத்தான் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. சிலர் விளக்கம் கேட்கிறார்கள், சிலர் கோபிக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுவதும் இதே விடயம்தான். மற்றக் கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: நீங்களே முப்பது வருடம் தொழிற்சங்கத்தில் இருந்தவர். சிறை சென்ற ஒரு தொழிலாளர் தலைவரை இப்படி ஒரு வரியில் முடித்துவிடலாமா?
– ஓய்வுபெற்ற தோட்டத் தலைவர், பொகவந்தலாவை

பதில்: முடித்துவிடக் கூடாது அண்ணே. அவருடைய முதல் அறுபது வருடங்களைப் படிக்கும்போது நம்மில் ஒருவரைப் பார்ப்பது போலத்தான் எனக்கும் இருக்கும்.

1884 டிசம்பரில், கிளாட்னோவுக்குப் பக்கத்தில் சாகொலானி என்ற கிராமத்தில் பிறந்தார். கிளாட்னோ நிலக்கரிச் சுரங்கமும் உருக்காலையும் நிறைந்த பகுதி. தகப்பனார் ஒரு தையல்காரர். செக் சமூக ஜனநாயக இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவராக இருந்து, அதற்காகத் துன்பப்பட்டவர். மகன் கல்தச்சு வேலை பழகினார். பதினாறு வயதிலேயே இயக்கத்துக்குள் வந்துவிட்டார், 1907இல் கிளாட்னோவில் சமூக ஜனநாயகக் கட்சியின் செயலாளர். 1920இல் மொஸ்கோ சென்று, உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாவது மாநாட்டில் கலந்துகொண்டார். அதே வருடம் டிசம்பரில் கிளாட்னோவில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. அதை முன்னின்று நடத்தியதற்காகச் சிறை. வெளியே வந்து கம்யூனிஸ்ட் கட்சியின் உயர் பொறுப்புகளில் இருந்தார். 1929இலிருந்து அந்த நாட்டுக் கம்யூனிஸ்டுகளின் சிவப்புத் தொழிற்சங்கங்களின் பொதுச் செயலாளர்.

1939இல் ஹிட்லரின் படை பிராக் நகருக்குள் வந்ததும் போலந்துக்குத் தப்பப் பார்த்தார், பிடிபட்டார். முதலில் பிராக் சிறை. 1940இலிருந்து போர் முடியும் வரை சக்சன்ஹவுசன் வதைமுகாம். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. அதிலிருந்து உயிரோடு மீண்டு, மறுபடியும் தொழிற்சங்கத்துக்கே வந்து நின்ற மனிதரை நான் இலேசாக நினைக்கவில்லை. மனதார மதிக்கிறேன்.

என் கேள்வியெல்லாம் 1945க்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதில்தான்.

கேள்வி: தொழிலாளரின் சேமிப்பைப் பறித்தார் என்பது மேற்கு நாட்டுப் பிரசாரம் இல்லையா? நாணயச் சீர்திருத்தம் எல்லா நாட்டிலும் நடக்கிறதுதானே?
– ஒரு தோழர், பூண்டுலோயா

பதில்: நடக்கிறது தோழர். போருக்குப் பிறகு பல நாடுகளில் நடந்தது. ஆனால் இது எப்படி நடந்தது என்று கணக்கோடு பார்ப்போம்.

1953 மார்ச் 5இல் ஸ்டாலின் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்குக்குப் போய்வந்த ஜனாதிபதி கிளெமென்ட் கொட்வால்ட் மார்ச் 14இல் காலமானார். ஐந்து வருடமாகப் பிரதமராக இருந்த சாபொடொட்ஸ்கி 21ஆம் திகதி ஜனாதிபதியானார். அப்போது கனரகத் தொழிலிலும் ஆயுத உற்பத்தியிலும் நாட்டின் பணமெல்லாம் கொட்டப்பட்டிருந்தது. மக்கள் கையில் காசு இருந்தது, கடையில் சாமான் இல்லை. பங்கீட்டுக் கூப்பனுக்கு ஒரு விலை, கூப்பன் இல்லாமல் வாங்கினால் பல மடங்கு விலை. இதைச் சரிசெய்ய இரகசியமாக ஒரு திட்டம் தயாரானது. புதிய நோட்டுகள் சோவியத் யூனியனில் அச்சாகி வந்துவிட்டன. ஊரெல்லாம் வதந்தி.

மே 29ஆம் திகதி ஜனாதிபதி பேசினார். நமது நாணயம் உறுதியாக இருக்கிறது, மாற்றம் எதுவும் கிடையாது, வதந்தியைப் பரப்புவது வர்க்க எதிரிகள் என்று சொன்னார். அடுத்த நாள் மாலை வானொலியில் அறிவிப்பு: ஜூன் 1 முதல் புதிய நாணயம்.

சம்பளமும் விலையும் ஐந்துக்கு ஒன்று என்ற வீதத்தில் மாறும். கையில் இருக்கும் காசில் ஆளுக்கு 300 குரோன் வரைதான் அந்த வீதம். அதற்கு மேல் ஐம்பதுக்கு ஒன்று. ஒரு தொழிலாளி வீட்டில் 1000 குரோன் வைத்திருந்தார் என்று எடுங்கள். முதல் முந்நூறுக்கு 60 கிடைக்கும், மிச்சம் எழுநூறுக்கு 14. மொத்தம் 74. ஐந்துக்கு ஒன்று என்று முழுவதையும் மாற்றியிருந்தால் 200 வந்திருக்க வேண்டும். வங்கியில் போட்டிருந்தால் முதல் ஐயாயிரத்துக்கு நட்டம் குறைவு, அதற்கு மேல் போகப் போக வெட்டும் கூடும். அரசாங்கத்தை நம்பி வாங்கிய கடன்பத்திரங்கள் அடியோடு செல்லாமல் போயின. கூப்பன் முறை ஒழிந்தது உண்மை. ஆனால் புதிய பொதுவிலை பழைய கூப்பன் விலையைவிட உயர்ந்தது, கூப்பனை நம்பி வாழ்ந்தவருக்கு அது இன்னொரு அடி.

பணக்காரரை அடிக்க வந்த சட்டம் என்றுதான் விளக்கம் சொன்னார்கள். ஆனால் 1953இல் அந்த நாட்டில் தொழிற்சாலை முதலாளி யாரும் மிச்சமில்லை. எல்லாம் ஏற்கெனவே அரசுடைமை. அப்படியானால் வீட்டில் காசு வைத்திருந்தது யார்? மகளின் கலியாணத்துக்குச் சேர்த்த சுரங்கத் தொழிலாளி, உருக்காலைத் தொழிலாளி.

அதனால்தான் ஜூன் 1ஆம் திகதி காலையில் பில்சன் நகரத்து ஸ்கோடா தொழிற்சாலையில் இயந்திரங்கள் நின்றன. அப்போது அதற்கு லெனின் பெயர் வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போய் நகரமண்டபத்தைப் பிடித்தார்கள். ஸ்டாலின், கொட்வால்ட் மார்பளவுச் சிலைகள் ஜன்னல் வழியாக வீதியில் வந்து விழுந்தன. சுதந்திரமான தேர்தல் வேண்டும் என்று கோஷம் எழுந்தது. பொலிஸ், இராணுவம், கட்சியின் ஆயுதம் தாங்கிய மக்கள் குடிப்படை எல்லாம் வந்து, அன்றே அடக்கிவிட்டார்கள். பிறகு நூற்றுக்கணக்கானோர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். பல குடும்பங்கள் ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டன. கிழக்கு பேர்லின் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கியது இதற்குப் பிறகுதான், ஜூன் 16, 17இல்.

தோழர், வீதியில் இறங்கியவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். கிளாட்னோவில் 1920இல் அவர் திரட்டியதும் அதே மாதிரி ஆட்களைத்தான். இதைப் பிரசாரம் என்று ஒதுக்க என் மனம் இடம் தரவில்லை.

கேள்வி: அதே 1953இல்தானே நம் நாட்டில் ஹர்த்தாலும் நடந்தது?
– ஆசிரியை, தலவாக்கலை

பதில்: ஆமாம் டீச்சர், பில்சனுக்கு இரண்டரை மாதம் கழித்து, ஆகஸ்ட் 12. அரிசி மானியத்தை வெட்டி, ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. நாடு கொந்தளித்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். பில்சனுக்குப் பிறகு அங்கே யாரும் பதவி விலகவில்லை.

ஆனால் அந்த நேரம் நம் மக்களின் நிலை என்ன? 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பியது. என் தகப்பனாரும் அந்த முறை வாக்களித்தவர். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1952 தேர்தலில் அவருடைய பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. எங்களுக்குச் சங்கம் இருந்தது, வாக்கு இல்லை. செக் தொழிலாளிக்கு வாக்கும் இருந்தது, சங்கமும் இருந்தது, இரண்டும் ஒரே கட்சியின் கையில். 1948 மே மாதத் தேர்தலில் வாக்குச் சீட்டில் ஒரே ஒரு பட்டியல்தான். எது கொடுமை என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டும் கொடுமை.

கேள்வி: நாங்கள் போடும் பாட்டாவுக்கும் அந்த நாட்டுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?
– கடை வைத்திருப்பவர், ஹட்டன்

பதில்: உண்டு. பாட்டா குடும்பம் 1894இல் ஸ்லின் என்ற சிறிய ஊரில் சப்பாத்துத் தொழிலைத் தொடங்கியது. 1945இல் அங்கிருந்த தொழிற்சாலை அரசுடைமையானது. 1949இல் ஊரின் பெயரையே கொட்வால்டோவ் என்று மாற்றினார்கள். 1990இல்தான் பழைய பெயர் திரும்பியது.

கேள்வி: அவரிடம் நல்லது ஒன்றுமே இல்லையா? எல்லாத் தவறுக்கும் அவர் ஒருவரா பொறுப்பு?
– தபால் ஊழியர், நானுஓயா

பதில்: இல்லை, அவர் தனி ஆளாக ஆண்டவர் அல்ல. கட்சியின் பிடி அன்டொனின் நொவொட்னியிடம் போய்க்கொண்டிருந்தது, அதற்கு மேலே மொஸ்கோ. ஆட்களோடு கலகலப்பாகப் பழகுவார், அக்கோர்டியன் வாசிப்பார், தொழிலாளர் வாழ்க்கையை வைத்து நாவல்களும் எழுதினார். 1953 ஆகஸ்ட் முதலாம் திகதி கிளிச்சாவா அணைக்கட்டில் பேசும்போது, கூட்டுறவுப் பண்ணையில் இருக்க விருப்பமில்லாத விவசாயியைப் பிடித்து வைக்கமாட்டோம் என்ற கருத்தில் சொன்னார். அதை நம்பிப் பலர் வெளியேறினார்கள். கட்சிக்குள்ளும் மொஸ்கோவிலும் எதிர்ப்பு வந்தது, அவரும் பின்வாங்கினார். இரண்டு வருடத்தில் நெருக்குதல் மறுபடி தொடங்கியது. அந்தப் பேச்சில் பழைய சங்கக்காரர் ஒரு கணம் தலை காட்டினார் என்றே நான் நினைக்கிறேன்.

1952 நத்தாருக்குப் பிரதமராகப் பேசியபோது, குழந்தை இயேசு வளர்ந்து தாடி வைத்துப் பனித்தாத்தா ஆகிவிட்டார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். அங்கே பிள்ளைகளுக்கு நத்தார்ப் பரிசு கொண்டுவருபவர் குழந்தை இயேசு, சோவியத்தில் பனித்தாத்தா. அந்தச் சோவியத் வழக்கத்தைக் கொண்டுவருவதற்காகத்தான் இப்படிச் சொன்னார். கேட்க வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் வீட்டுக்குள் நடக்கும் பண்டிகையைக்கூட அரசாங்கம் விட்டுவைக்கவில்லை.

பொறுப்பு என்று கேட்டீர்கள். 1950 ஜூன் 27இல் மிலாடா ஹொராகோவா தூக்கிலிடப்பட்டார். நாஜிச் சிறையில் இருந்து மீண்ட பெண், பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1952இல் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ஸ்லான்ஸ்கி உட்படப் பதினான்கு பேர்மீது பொய் வழக்கு, டிசம்பர் 3இல் பதினொரு பேருக்குத் தூக்கு. இரண்டு முறையும் பிரதமர் சாபொடொட்ஸ்கி. நாஜி முகாமிலிருந்து மீண்டவர், நாஜிச் சிறையிலிருந்து மீண்ட ஒரு பெண்ணின் கழுத்தில் கயிறு விழுவதைத் தடுக்காமல் இருந்தார். இதற்கு மொஸ்கோவைக் காட்டித் தப்ப முடியாது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் புதிதாகத் தலைவராகத் தெரிவாகியிருக்கிறேன். தொழிற்சங்கத் தலைவர்கள் அமைச்சராகக் கூடாது என்கிறீர்களா?
– இளைஞர், இராகலை

பதில்: அப்படிச் சொல்லவில்லை தம்பி. பாராளுமன்றத்தில் ஆள் இல்லாத காலத்தில் நமக்கு என்ன நடந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். தலைவர் மேலே போகட்டும். கீழே இருக்கும் சங்கம் அவரைக் கேள்வி கேட்கும் சங்கமாக இருக்கிறதா என்பதே முக்கியம்.

1945இல் அங்கே இருந்த சங்கங்களை எல்லாம் ஒன்றாக்கினார்கள். அதற்குத் தலைவர் சாபொடொட்ஸ்கி. ஒரே பலமான சங்கம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? நம் தோட்டங்களில் ஒரு லயத்தில் மூன்று சங்கம் இருந்து அடித்துக்கொள்வதைப் பார்த்தவனுக்கு அந்த ஆசை நன்றாகவே புரியும். 1948 பெப்ரவரி 22இல் தொழிற்சாலைக் கமிட்டிகளின் மாநாடு, 24ஆம் திகதி நாடு முழுவதும் ஒரு மணி நேர வேலைநிறுத்தம். அடுத்த நாள் ஆட்சி முழுவதும் கம்யூனிஸ்டுகள் கைக்கு வந்தது. ஜூனில் சங்கத் தலைவர் பிரதமர். அதற்குப் பிறகு சங்கத்தின் வேலை உற்பத்தி இலக்கை எட்ட வைப்பது என்றாகிவிட்டது. பில்சன் தொழிலாளி முறையிடப் போனால், சங்கக் கந்தோரிலும் அரசாங்கம்தான் உட்கார்ந்திருந்தது.

நான் வேலை செய்த காலத்தில் ஓர் ஒப்பந்தம் முடிந்த செய்தியை என் தோட்டத்து ஆட்கள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், தோட்டத்துரை வாயிலிருந்து கேட்டார்கள். எந்தச் சங்கம் என்பது இப்போது வேண்டாம். கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு அக்கா என்னைப் பார்த்து, "எங்க சந்தாவ வாங்கிட்டு எங்ககிட்ட சொல்லாம கையெழுத்து வச்சீங்களா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குப் பயமில்லாமல் இருந்தது. பில்சனில் அதைக் கேட்டவர்கள் சிறைக்குப் போனார்கள்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது இதுதான். சந்தா செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், வெட்டப்படுகிறது, வருடத்துக்கு ஒரு முறையாவது அதன் கணக்கைக் கமிட்டிக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் பேர் போட எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோ அளவோ சம்பளமோ மாறும் எந்த ஒப்பந்தமானாலும், கையெழுத்துக்கு முன்னால் தமிழ்ப் பிரதி தோட்டத்துக்கு வரவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கமிட்டியில் பெண்களுக்குப் பாதி இடமாவது கொடுங்கள், கொழுந்து எடுப்பது அவர்கள்தானே. உங்கள் சங்கத்தவர் அமைச்சராக இருந்தால் இதையெல்லாம் இன்னும் பிடிவாதமாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: சாபொடொட்ஸ்கிக்குப் பிறகு யார் யார் வந்தார்கள்? பரீட்சைக்குத் தேவைப்படுகிறது.
– அதே மாணவி, மஸ்கெலியா

பதில்: 1957 நவம்பர் 13இல் பதவியில் இருக்கும்போதே சாபொடொட்ஸ்கி இறந்தார். அடுத்து நொவொட்னி 1968 வரை, ஜெனரல் லுட்விக் ஸ்வொபொடா 1975 வரை, பிறகு ஸ்லோவாக்கியரான குஸ்தாவ் ஹுசாக். இந்த ஹுசாக்கையும் 1954இல் பொய்க் குற்றச்சாட்டில் ஆயுள்தண்டனை கொடுத்து உள்ளே போட்டிருந்தார்கள், 1960இல்தான் வெளியே வந்தார். 1989 நவம்பர் 27இல், நண்பகல் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை நாடு முழுவதும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டிசம்பர் 10இல் ஹுசாக் பதவி விலகினார். 29ஆம் திகதி, கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்த எழுத்தாளர் வாட்ஸ்லாவ் ஹவல் ஜனாதிபதியாகத் தெரிவானார். வருடங்களை இந்த வரிசையிலேயே பாடமாக்கிக்கொள் மகள், பிராக் வசந்தம் என்ற 1968 சீர்திருத்த முயற்சி நொவொட்னியின் கடைசி மாதங்களில் தொடங்கி ஸ்வொபொடாவின் காலத்தில் தொடர்ந்தது, வினாத்தாளில் அதைத் தொட்டுக் கேட்கக்கூடும்.