குர்துகளும் நம் கைதட்டலும் – கடிதம்

அன்புள்ள சார்,

கல்லூரியில் படித்தபோது, சிரியாவின் குர்து ஊரான கொபானியை ஐ.எஸ். படை முற்றுகையிட்டபோது எதிர்த்து நின்ற பெண் போராளிகளின் படத்தை என் அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். 2025 ஜூலையில் வடக்கு ஈராக்கின் சுலைமானியா பக்கம் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியின் போராளிகள் முப்பது பேர் வரிசையாக வந்து துப்பாக்கிகளை ஓர் அண்டாவில் போட்டு எரித்ததைப் பார்த்தபோது மனம் ஒடிந்துவிட்டது. நாற்பது வருடப் போராட்டம் இப்படியா முடிய வேண்டும்? இது சரணாகதிதானே? இனி நாம் ஆதரிக்க அங்கே என்ன இருக்கிறது? எங்கேயோ இருக்கும் நாம் அறிக்கைகளில் கையெழுத்துப் போடுவதால் என்ன ஆகப்போகிறது? குர்துகளைப் பற்றிப் படிக்கச் சில நூல்களும் சொல்லுங்கள்.

கவின், திருச்சி

அன்புள்ள கவின்,

நூல் பட்டியல் கொடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை. தேடினால் கிடைக்கும். உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு பழைய அமெரிக்கத் தீர்ப்பை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் இந்தப் பதில். அதற்கு வருகிறேன். முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மனம் ஒடிந்தது என்கிறீர்கள். துருக்கி அரசுக்கு எதிராக அந்தக் கட்சி 1984 ஆகஸ்டில் தொடங்கிய சண்டையில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். தொண்ணூறுகளில் ஆயிரக்கணக்கான குர்துக் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. அந்த மலைகளில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அண்டாவில் எரிந்த துப்பாக்கிகளைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுவரில் ஒட்டிய படம் வீணாய்ப் போயிற்றே என்று மட்டும் நினைத்திருக்க மாட்டாள்.

சரணாகதியா என்றால், இது ஒரே நாளில் வந்த முடிவு இல்லை தம்பி. 2013இல் குர்துகளின் புத்தாண்டான நெவ்ரோஸ் அன்று, துருக்கியின் குர்து நகரமான தியார்பக்கிரில் லட்சக்கணக்கானவர்கள் முன்னால், அந்தக் கட்சியை நிறுவிய ஓசலானின் கடிதம் வாசிக்கப்பட்டது. ஆயுதங்களின் காலம் போய் அரசியலின் காலம் வரட்டும் என்பதுதான் அப்போதே அதன் சாரம். அதையொட்டி அரசோடு நடந்த பேச்சுவார்த்தை 2015 கோடையில் உடைந்தது. பத்து வருடம் கழித்து 2025 பிப்ரவரி 27 அன்று, அப்போதே இருபத்தாறு ஆண்டுகளாகத் துருக்கியின் இம்ராலி தீவுச் சிறையில் இருந்த அதே மனிதர் கட்சியைக் கலைக்கச் சொன்னார். மே மாதம் கட்சி கூடி அப்படியே முடிவெடுத்தது. அவர்கள் சண்டை, அவர்கள் முடிவு. துருக்கி அரசு இந்தத் தடவையாவது வாக்கைக் காப்பாற்றுமா என்று நீங்கள் கேட்டிருந்தால் அது கேள்வி. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது.

கொபானி முற்றுகையின்போது சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். யார் நடத்தியது என்பது வேண்டாம். மேடைக்குப் பின்னால் ஆளுயரப் பதாகை, அதில் துப்பாக்கி ஏந்திய இளம்பெண்கள். பேசியவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பேசினார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. 2016 நவம்பரில், குர்துகளுக்காகத் துருக்கியில் தேர்தலில் நின்ற கட்சியின் இணைத் தலைவர்கள் செலாஹத்தின் தெமிர்தாஷையும் ஃபிகென் யுக்செக்தாகையும் கைது செய்தபோது, அதே ஆட்கள் சிலரிடம் ஒரு கண்டன அறிக்கையை நீட்டினேன். ‘இவர்கள் தேர்தல் கட்சிக்காரர்கள்தானே, பார்க்கலாம்’ என்றார் ஒருவர். இன்றைக்கும் அந்த ‘பார்க்கலாம்’ என் காதில் எரிகிறது.

அந்தத் தேர்தல் கட்சிக்காரர் தெமிர்தாஷ் என்ன செய்தார் தெரியுமா? 2015 ஜூனில், நாடாளுமன்றத்தில் நுழையப் பத்து சதவீத ஓட்டாவது வேண்டும் என்ற தடையைத் தாண்டி எண்பது உறுப்பினர்களைத் துருக்கி நாடாளுமன்றத்துக்குள் கொண்டுவந்தார். அவரை உடனே விடுவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு 2020 டிசம்பரில் சொன்னது. துருக்கி விடவில்லை. 2024 மே மாதம் நாற்பத்திரண்டு வருடத் தண்டனை கொடுத்தார்கள். வழக்கின் பெயரே கொபானி வழக்கு. 2014 அக்டோபரில் முற்றுகையில் சிக்கிய கொபானிக்காகத் தெருவில் இறங்குங்கள் என்று அவர் கட்சி ட்விட்டரில் போட்ட அழைப்பு அதன் மையம். நீங்கள் சுவரில் ஒட்டிய அதே ஊர்தான். படம் பிடித்துப்போனவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தண்டனை தெரியும்?

சரி, அந்தத் தீர்ப்புக்கு வருகிறேன்.

ரால்ஃப் ஃபெர்டிக் என்று ஒருவர். நிர்வாக நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், இளமையில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். அவர் தலைமையில் ஒரு சிறிய மனித உரிமை அமைப்பு இருந்தது. குர்திஸ்தான் தொழிலாளர் கட்சிக்காரர்களுக்கு இரண்டு விஷயம் கற்றுக்கொடுக்க அவர் விரும்பினார்: சர்வதேசச் சட்டத்தைக் கொண்டு பிணக்குகளை அமைதியாகத் தீர்ப்பது, ஐக்கிய நாடுகள் சபையில் மனுப் போடுவது. 1997 அக்டோபரில் அமெரிக்கா வெளியிட்ட முதல் பயங்கரவாதப் பட்டியலில் அந்தக் கட்சி இருந்தது. அதே நாள் அதே பட்டியலில் விடுதலைப் புலிகளும் இருந்தார்கள். அதனால் அமெரிக்காவில் இருந்த ஈழத் தமிழ் அமைப்புகளும் ஒரு தமிழ் மருத்துவரும் அதே வழக்கில் மனுதாரர்கள். குர்துகளும் தமிழர்களும் ஒரே வழக்குக் கட்டில். நம் மேடைகளில் இதை யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

1998இல் போட்ட வழக்கு. 2010 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்த்தது: கற்றுக்கொடுப்பதும் குற்றம். பணம் தரவில்லை, தோட்டா தரவில்லை, மனு எழுதச் சொல்லித் தருகிறோம் என்றார்கள். அதுவும் பயங்கரவாத அமைப்புக்குத் தரும் ‘பொருள்வகை ஆதரவு’தான், அப்போது பதினைந்து வருடம் வரை சிறை. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சொன்ன காரணங்களைக் கேளுங்கள். இப்படிப்பட்ட உதவி அந்த அமைப்புக்கு ஒரு மரியாதையைக் கொடுத்துவிடும், அதன் கையில் இருக்கும் மற்ற வளங்கள் வன்முறைக்குத் திரும்பிவிடும், நேட்டோவில் கூட்டாளியான துருக்கியோடு உறவு கெடும். தனியாக உட்கார்ந்து நீங்கள் எழுதலாம், பேசலாம். அவர்களோடு சேர்ந்து செய்தால் மாட்டினீர்கள். நீதிபதி பிரேயர் மாறுபட்டு எழுதினார், கின்ஸ்பர்கும் சோட்டமயோரும் அவரோடு நின்றார்கள். அமைதி வழிகளைக் கற்றுக்கொடுப்பது எப்படி வன்முறைக்கு உதவும் என்பதற்கு அரசு ஆதாரம் காட்டவில்லை என்பது அவர்கள் பக்கம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நாற்பது வருடம் ‘துப்பாக்கியைப் போடு, பிறகு பேசலாம்’ என்று சொன்னவர்களே, எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கப் போனவரைத் தடுத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் நாம். துப்பாக்கி இருந்தவரை தட்டினோம், அதைப் போட்டதும் மனம் ஒடிகிறது. அந்த ஆறு நீதிபதிகளுக்கும் உங்களுக்கும் ரொம்பத் தூரம் இல்லை கவின். இரண்டு தரப்புக்குமே குர்து என்றால் துப்பாக்கிதான்.

ஐரோப்பாவை நம்பாதீர்கள் என்று வேறு யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். 2022 ஜூனில் நேட்டோவில் சேர வேண்டி மாட்ரிட்டில் ஸ்வீடன் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டது. சிரியக் குர்துப் படைக்கு இனி ஆதரவு தரமாட்டோம் என்று அதில் எழுதிக்கொடுத்தது. அரசுகள் அப்படித்தான். அதைப் பற்றி அழ எனக்கு நேரமில்லை.

கையெழுத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2016 ஜனவரியில் துருக்கியின் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 1128 பேர் ‘இந்தக் குற்றத்துக்கு நாங்கள் உடந்தையாக இருக்கமாட்டோம்’ என்று கையெழுத்திட்டார்கள். குர்து நகரங்களில் ராணுவம் நடத்திய தாக்குதலை நிறுத்தி மறுபடி பேச்சுவார்த்தைக்கு வரச் சொன்ன அறிக்கை. கையெழுத்திட்டவர்களில் பலர் துருக்கியர்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது, கடவுச்சீட்டு ரத்தானது, வழக்கு வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலருக்கு இடம் கொடுத்தன, வழக்கு நடந்த நாட்களில் வெளிநாட்டவர் போய் நீதிமன்றத்தில் உட்கார்ந்தார்கள். 2019 ஜூலையில் துருக்கியின் அரசியல் சாசன நீதிமன்றமே அந்தத் தண்டனைகள் கருத்துரிமையை மீறியவை என்று சொன்னது. பலருக்குப் போன வேலை அதற்குப் பிறகும் திரும்பவில்லை.

அறிக்கை வந்தால் போடுங்கள், படித்துவிட்டுப் போடுங்கள். அதைவிட, துருக்கியின் குர்து நகரங்களான மார்தினிலும் பாத்மானிலும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மேயர்களை 2024 நவம்பரில் நீக்கிவிட்டு அரசு தன் ஆட்களை உட்கார வைத்ததே, அதைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதுங்கள். மார்தின் மேயர் அஹ்மெத் துர்க் எண்பது வயதைத் தாண்டியவர். அவரை இப்படி நீக்கியது அதுதான் முதல் தடவையும் இல்லை. கையில் துப்பாக்கி இல்லாததால் அவர் படத்தை யாரும் சுவரில் ஒட்டவில்லை. எழுதி அனுப்புங்கள், இங்கே போடுகிறேன். திருத்தாமல் போடமாட்டேன்.