லேசான வீசிங் என்று ஒரு நோய் கிடையாது

மூச்சுக் கோளாறு பற்றி இந்த முறை எனக்கு வந்த வாசகர் கேள்விகளில் பாதிக்கு மேல், டிஸ்சார்ஜ் சம்மரியிலிருந்து ஒரே ஒரு வார்த்தையைக் கிள்ளி எடுத்து அனுப்பியவை. வயது இல்லை, எத்தனை நாளாக என்று இல்லை, பீடி சிகரெட் உண்டா இல்லையா என்றும் இல்லை. ஒரு வார்த்தையை வைத்து நான் ஜோசியமா சொல்ல முடியும்? சரி, வந்ததைப் பார்ப்போம்.

கேள்வி (வண்ணார்பேட்டை): ரிப்போர்ட்டில் 'டிஸ்னியா' என்று போட்டிருக்கிறது. இது என்ன நோய்? குணமாகுமா?

நோயே இல்லை. நீங்கள் டாக்டரிடம் 'மூச்சு வாங்குது' என்று சொன்னீர்கள், அவர் அதையே கிரேக்கத்தில் எழுதி உங்கள் கையில் கொடுத்துவிட்டார். காரணம் நுரையீரலாக இருக்கலாம், இதயமாக இருக்கலாம், வெறும் ரத்தச்சோகையாகவும் இருக்கலாம். பக்கத்தில் 'கிரேடு' என்று 0 முதல் 4 வரை ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். ஆனித் தேருக்கு வடம் பிடிக்கும்போது மட்டும் மூச்சு வாங்கினால் 0, அது எல்லாருக்கும் வாங்கும். சமதரையில் நூறு மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருந்தால் 3. சட்டை மாட்டும்போதே வாங்கினால் 4, அந்த நிலையில் எனக்கு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

கேள்வி (மேலப்பாளையம்): பையனுக்கு 'டாகிப்னியா' என்கிறார்கள். வேகவேகமாக மூச்சு விடுகிறான். பயப்பட வேண்டுமா?

வயதைச் சொல்லவில்லையே அம்மா, வயது தெரியாமல் வேகம் எது என்று எப்படிச் சொல்ல? 2 மாதத்துக்குள் என்றால் நிமிடத்துக்கு 60, ஒரு வயது வரை 50, 5 வயது வரை 40. இதைத் தொட்டாலே வேகம்தான். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை வேண்டாம், குழந்தைகளுக்கு மூச்சு ஒரே சீராக வராது. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் சரி, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே கிளம்புங்கள். மாந்தம் என்று வசம்பு உரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேள்வி (ஆலங்குளம்): மகளுக்கு 23 வயது. லேசாக வீசிங் உண்டு, ஆனால் ஆஸ்துமா இல்லை. டாக்டர் பம்ப் (இன்ஹேலர்) எழுதியிருக்கிறார். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மாத்திரையிலேயே சமாளிக்க முடியாதா?

'வீசிங் இருக்கு, ஆஸ்துமா இல்லை.' வாரத்துக்கு இருபது தடவையாவது இதைக் கேட்கிறேன். வீசிங் என்பது ஒரு சத்தம், அவ்வளவுதான். சுருங்கிப்போன குழாய் வழியாகக் காற்று வெளியேறும்போது வருகிற விசில். நம் ஆச்சிமார் 'எளப்பு' என்பார்கள், அது உங்கள் வீசிங்கை விட நேர்மையான சொல். அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்பதுதான் நோய். ராத்திரி மூணு மணிக்கு எழுப்பிவிடுகிற இருமல், ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கியதும் வருவது, பரண் தூசு தட்டினால் வருவது, நடுவில் மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது, இதெல்லாம் சேர்ந்தால் அநேகமாக ஆஸ்துமாதான். அந்தப் பெயரை எழுதினால் வீட்டில் அழுகிறார்கள் என்று டாக்டர்கள் நாங்களும் 'அலர்ஜிக் பிராங்கைட்டிஸ்', 'வீஸி செஸ்ட்' என்றெல்லாம் எழுதிக் கொடுத்துப் பழக்கிவிட்டோம். நானும் எழுதியிருக்கிறேன்.

போன ஆடியில் ஒரு பெண் வந்தாள், கல்யாணமாகி நாலு மாதம். பம்ப்பைக் காலிப் பவுடர் டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மாமியார் வீட்டில் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் இழுப்பாளாம். இழுத்ததும் வாய் கொப்பளிக்க அவகாசம் இல்லாமல் வெளியே வந்துவிடுவாள், நாக்கு முழுக்க வெள்ளை படிந்து பூஞ்சை பிடித்திருந்தது. 'லேசான வீசிங்' என்று சொல்லிக் கட்டிவைத்த கல்யாணம்.

மாத்திரைக்கு வருவோம். சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து சால்பியூட்டமால், அதன் மாத்திரை 4 மில்லிகிராம். பம்ப்பில் ஓர் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கையை நடுங்கவைத்து, நெஞ்சைப் படபடக்கவைத்த பிறகுதான் நுரையீரலுக்கு மிச்சம். பம்ப் என்றாலே 'பவர்' மருந்து என்று பயப்படுகிறார்கள், இதில் எது 'பவர்' மருந்து? பம்ப் பழகிவிடும் என்பதும் பொய். மூச்சு முட்டும்போது மட்டும் தேடுகிற நீலப் பம்ப் போதாது, தினமும் இழுக்கிற ஸ்டீராய்டு பம்ப்தான் உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றும். இழுத்ததும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். சந்தேகம் இருந்தால் ஊதிப் பார்க்கும் சோதனை செய்யுங்கள், மருந்து இழுத்துவிட்டு மறுபடி ஊதும்போது வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் பெயரைப் பற்றி நாம் சண்டை போட வேண்டியதில்லை. வரன் வீட்டாரிடம் பெயரையும் சொல்லுங்கள், பம்ப்பையும் காட்டுங்கள்.

கேள்வி (முக்கூடல்): ஆச்சிக்கு 'சிஓபிடி' என்று எழுதியிருக்கிறார்கள். வாழ்நாளில் பீடி குடித்ததே இல்லை, சுற்றியதோடு சரி. ரிப்போர்ட் மாறிப் போயிருக்குமா?

மாறியிருக்காது. சிஓபிடி என்றால் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு. நாற்பது வருஷம் விறகடுப்பில், பனமட்டையும் உடமுள்ளும் எரித்து ஊதாங்குழலால் ஊதியவருக்குப் பீடி தேவையில்லை, புகை அடுப்பிலிருந்தே வந்திருக்கிறது. சுளகை மடியில் வைத்து உட்கார்ந்த வருஷங்களின் புகையிலைத் தூசும் அந்த நெஞ்சுக்கு நல்லது செய்திருக்காது. ஆஸ்துமாவில் அடைப்பு பெரும்பாலும் விடும், இதில் முழுசாக விடாது. இவருக்கும் பம்ப்தான். அடுப்பை முதலில் மாற்றுங்கள்.

கேள்வி (களக்காடு): எக்ஸ்ரே படம் அனுப்பியிருக்கிறேன். 'ப்ளூரல் எஃப்யூஷன்' என்றால் நுரையீரலுக்குள் தண்ணீரா?

நீங்கள் அனுப்பியதில் டியூப்லைட் தெரிகிறது, உங்கள் கட்டைவிரல் தெரிகிறது, நெஞ்சு தெரியவில்லை. நேரில் வரும்போது பழைய ஃபிலிம்களையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், இதை எத்தனை தடவை சொல்வது! தண்ணீர் நுரையீரலுக்குள் இல்லை, அதைச் சுற்றியுள்ள இரண்டு உறைகளுக்கு நடுவே. அங்கே இயல்பாக 10, 20 மில்லி இருக்கும், எக்ஸ்ரேயில் தெரிகிறதென்றால் கால் லிட்டராவது சேர்ந்திருக்கும். அதுவே சீழானால் 'எம்பைமா'. நம் பக்கம் முதலில் காசநோயை நினைக்க வேண்டும், ஊசி போட்டு எடுத்த நீரைச் சோதனைக்கு அனுப்பாமல் கொட்டிவிடக் கூடாது. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே பார்க்கிறார்கள். காசநோய் என்று தெரிந்தால் வழக்கமாக மருந்து 6 மாதம், இரண்டாம் மாதம் உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்துகிறவர்கள் என்னிடம் வர வேண்டாம்.

கேள்வி (சேரன்மகாதேவி): அப்பா மூணு தலையணை இல்லாமல் படுக்க முடியாது என்கிறார். 'ஆர்த்தாப்னியா' என்று எழுதியிருக்கிறது.

படுத்தால் முட்டும், உட்கார்ந்தால் விடும் மூச்சு. முதலில் எக்கோ எடுத்து இதயத்தைப் பாருங்கள்.

கேள்வி (வள்ளியூர்): தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே சுகர். காய்ச்சல் வந்து சாப்பிடாததால் மூணு நாள் இன்சுலின் போடவில்லை. அப்புறம் ஓடி வந்தவன் மாதிரி ஆழமாக மூச்சு விட்டான். நெபுலைசர் வைத்தோம், கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் 'குஸ்மால்' என்றார்கள்.

கேட்காது. நுரையீரலில் குறையே இல்லை. இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏற, உடம்பு அதைக் கரியமில வாயுவாக ஊதித் தள்ளப் பார்க்கிறது. குஸ்மால் என்ற ஜெர்மானிய டாக்டர் 1874இல் எழுதி வைத்தது. வாயில் அழுகிய பழ வாடை அடித்திருக்குமே, கவனித்தீர்களா? சாப்பிடவில்லை என்று இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டருக்கு போன் போட்டு அளவைக் கேளுங்கள்.

கேள்வி (பேட்டை): வீட்டுக்காரர் குறட்டை நடுவில் திடீரென்று நின்றுவிடும், அப்புறம் திக்கென்று எழுந்து மறுபடி விடுவார். 'ஸ்லீப் அப்னியா'வா?

அப்படித்தான் தோன்றுகிறது. 10 விநாடிக்கு மேல் மூச்சு நிற்பது மணிக்கு 30 தடவைக்கு வந்தால் தீவிரம் என்போம். படுக்கையில் கருவி மாட்டித்தான் எண்ண முடியும். அதற்கு முன் செல்போனில் ரெண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு நீங்களும் கூட வாருங்கள். அவரை மட்டும் தனியாக அனுப்பினால் 'நல்லாத்தான் தூங்குதேன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.