போக்கர் ஆடுபவர்களில் எத்தனை சதவீதம் பேர் உண்மையில் பணம் பார்க்கிறார்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருந்த வரிதான் என்னை எழுத வைத்தது. உங்கள் நண்பர் நான்கு மாதமாக நேரடி மேசைகளில் லாபத்தில் இருக்கிறார், வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஆடலாமா என்று யோசிக்கிறார் என்று சொல்லியிருந்தீர்கள்.

நேரடியான பதில்: நீண்ட காலக் கணக்கில் லாபத்தில் நிற்பவர்கள் சிறுபான்மைதான். ஆடுகிறவர்கள் மத்தியில் வழக்கமாக அடிபடும் எண் 10 முதல் 30 சதவீதம். இவ்வளவு அகலமான எண்ணைச் சொல்வது மழுப்பல் அல்ல. எவ்வளவு காலத்தைக் கணக்கில் எடுக்கிறோம், யாரை 'ஆட்டக்காரர்' என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும்.

முதலில் ரேக். போக்கரில் நாம் ஒருவர் பணத்துக்கு ஒருவர் ஆடுகிறோம். மேசையை நடத்துகிறவர் ஒவ்வொரு பாட் தொகையிலும் (ஒரு சுற்றில் நடுவில் சேரும் மொத்தப் பந்தயப் பணம்) ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார், அதுதான் ரேக். ஆன்லைனில் சுமார் 5 சதவீதம், நேரடி அறைகளில் பல இடங்களில் 10 சதவீதம், இரண்டிலும் ஒரு உச்சவரம்பு உண்டு. ஆறு பேர் ஆளுக்கு 100 சிப் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள், மொத்தம் 600 என்று வையுங்கள். எழுந்திருக்கும் நேரத்தில் ரேக்காக 60 போயிருந்தால், மேசையில் இருப்பது 540. ஆறு பேரும் சம திறமை உள்ளவர்கள் என்றால் சராசரியாக ஆளுக்கு 10 நஷ்டம். ஒருவர் 50 லாபத்தோடு எழுந்தால் மற்ற ஐவரும் சேர்ந்து 110 இழந்திருக்க வேண்டும். ஆக, மேசையில் சராசரியை விட நன்றாக ஆடினால் மட்டும் போதாது. ரேக்கையும் தாண்டுகிற அளவுக்கு நன்றாக ஆட வேண்டும். சிறிய பந்தய மேசைகளில் உச்சவரம்பு அபூர்வமாகத்தான் எட்டும் என்பதால், பாட் அளவோடு பார்த்தால் அங்கேதான் ரேக் அதிகமாகக் கடிக்கும்.

இப்போது காலக் கணக்கு. இதைத்தான் உங்கள் நண்பர் பொறுமையாகப் படிக்க வேண்டும். நோ-லிமிட் ஹோல்டம் (பந்தயத் தொகைக்கு வரம்பு இல்லாத போக்கர் வகை) ஆட்டத்தில் ஏற்ற இறக்கம் மிகப் பெரியது. 100 கைக்கு ஒரு திட்ட விலக்கம், அதாவது முடிவுகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஏறக்குறைய 80 முதல் 100 பிக் பிளைண்ட் (சீட்டுப் போட்டு ஆடி முடிக்கும் ஒரு சுற்றைத்தான் ஒரு கை என்கிறேன்; சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயங்களில் பெரியதுதான் பிக் பிளைண்ட்). 95 என்றே எடுத்துக்கொள்வோம். 100 கைக்கு சராசரியாக 5 பிக் பிளைண்ட் இழக்கிற ஒருவர், அதாவது சந்தேகமே இல்லாமல் தோற்கிற ஆட்டக்காரர், 200 கை ஆடிவிட்டு எழுந்தால் லாபத்தில் இருக்க வாய்ப்பு எவ்வளவு? சுமார் 47 சதவீதம். கிட்டத்தட்ட பூவா தலையா. அவரே 10,000 கை ஆடிய பிறகும் லாபத்தில் இருக்க 30 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒரு லட்சம் கையைத் தொடும்போதுதான் அது 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஆட்டம் அதேதான், திறமையும் அதேதான். எண்ணி நிறுத்துகிற இடம்தான் வேறு. ஒரு ராத்திரியை வைத்து எண்ணினால் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஜெயித்தவர்கள், சில வருடங்களை வைத்து எண்ணினால் ஒரு சிறு கூட்டம்.

யாரை எண்ணுகிறோம் என்பதும் இதே அளவுக்கு முக்கியம். சில நூறு கை ஆடிப் பணத்தை விட்டுவிட்டுத் திரும்பி வராதவரும் ஒரு ஆள். பல லட்சம் கை ஆடியவரும் ஒரு ஆள். தலைகளை எண்ணினால் ஜெயிப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் இந்த நிமிடம் ஒரு மேசையைச் சுற்றிப் பார்த்தால் ஜெயிப்பவர்களின் பங்கு அதைவிட அதிகமாக இருக்கும், ஏனென்றால் தோற்றவர்கள் கழன்றுவிடுகிறார்கள், ஜெயிப்பவர்கள் தங்கிவிடுகிறார்கள். புதிதாக உட்காருகிறவருக்கு எதிரே இருப்பது இப்படி வடிகட்டப்பட்ட கூட்டம்.

அதற்காக எல்லாமே அதிர்ஷ்டம் என்று நான் சொல்லவில்லை. 2010 உலக போக்கர் தொடரை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் இருவரும், திறமைசாலிகள் என்று முன்கூட்டியே அடையாளம் காணப்பட்டவர்கள் போட்ட பணத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் லாபம் பார்த்ததையும், மற்றவர்கள் சராசரியாக 15 சதவீதம் இழந்ததையும் கண்டார்கள். டோர்னமென்ட்களில் பரிசுப் பட்டியலே மேல்நுனி கனத்தது என்பதையும் மறக்கக் கூடாது: அந்தத் தொடரின் 10,000 டாலர் முதன்மைப் போட்டியில் இப்போதெல்லாம் சுமார் 15 சதவீதம் பேருக்குத்தான் ஏதாவது கிடைக்கிறது. நல்ல ஆட்டக்காரர்கூட மாதக்கணக்கில் கைக்காசைப் போட்டுக்கொண்டே இருக்க நேரிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு கைல் சைலர் என்ற சமூகவியல் ஆய்வாளருடையது. அவர் 2 கோடியே 70 லட்சம் ஆன்லைன் கைகளை அலசினார். அதிக கைகளை ஜெயித்தவர்கள் அதிகப் பணத்தை இழக்கும் போக்கு தெரிந்தது, குறிப்பாகச் சிறிய பந்தயங்களில். காரணம் எளிது. எதையும் ஃபோல்டு செய்யாமல், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகாமல், ஆடுகிறவர் சின்னச் சின்ன பாட்களை அடிக்கடி அள்ளுவார், ஒவ்வொரு தடவையும் ஜெயித்த சந்தோஷம் வரும். பிறகு இரண்டாம் தரமான ஒரு ஜோடியோடு எதிராளி வைத்த பெரிய பந்தயத்துக்கு ஈடான பணத்தை வைத்து ('கால்' செய்து), மொத்த சிப்பையும் ஒரே கையில் விடுவார். வீட்டுக்குப் போகும்போது மனதில் நிற்பது ஜெயித்த இருபது கை, பர்ஸில் தெரிவது தோற்ற அந்த ஒரு கை. "நீங்கள் லாபத்திலா?" என்று ஆட்டக்காரர்களிடமே கேட்டு வாங்கும் எண்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். மனமறிந்து பொய் சொல்பவர்கள் குறைவு, எழுதி வைப்பவர்கள் அதைவிடக் குறைவு.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். நேரடி மேசையில் மணிக்கு 25, 30 கை ஓடும். வாரம் இருபது மணி நேரம் ஆடினாலும் நான்கு மாதத்தில் சுமார் 10,000 கைதான் தேறும். நிச்சயமாகத் தோற்கிறவர்களில்கூட பத்தில் மூவர் லாபத்தில் தெரிகிற கட்டம் அது. அவர் நல்ல ஆட்டக்காரராகவே இருக்கலாம், ஆனால் இந்த நான்கு மாதத்தால் அது நிரூபணமாகாது. வேலையை விடாமல், ஒவ்வொரு முறையும் உட்கார்ந்த தொகை, எழுந்த தொகை, ஆடிய நேரம் மூன்றையும் எழுதி வரச் சொல்லுங்கள். டீலருக்குக் கொடுக்கும் டிப்ஸும் போக்குவரத்தும் செலவுக் கணக்கில் ஏற வேண்டும். ஒரு வருடம் கழித்தும் முடிவு தெரியாமல் இருக்கலாம். அப்போது அவர் கையில் சம்பளமாவது இருக்கும்.