கருப்பு பெல்ட் வாங்கியவர்களுக்கே ஒரு குத்தைத் தடுக்க வரவில்லையே, கராத்தே பயிற்சியின் தரம் குறைந்துவிட்டதா?

பல இடங்களில் குறைந்துதான் இருக்கிறது. பெரிய கோளாறு ஜோடிப் பயிற்சியில். ஒருவர் ஒரே ஒரு முறை தாக்க, மற்றவர் தடுக்கும் இப்போன் குமித்தே பயிற்சியைக் கவனியுங்கள்: குத்துபவரின் முஷ்டி எதிராளியின் முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். தடுப்பவர் சும்மா நின்றாலும் அடி படாது. இப்படியே வருடக்கணக்கில் பழகினால் தூரத்தையும் நேரத்தையும் கணிக்கும் திறன் வளரவே வளராது. தடுக்காவிட்டால் முகத்தைத் தொட்டுவிடும் என்ற அளவுக்குக் குத்து போய்ச் சேர வேண்டும். புதியவர்களுக்கு வேகத்தைப் பாதியாக்கலாம், எட்டும் தூரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்தது கட்டா, அதாவது வரிசைப்படுத்திய அசைவுகளைத் தனியாகச் செய்யும் பயிற்சி. ஹெயான் ஷோதான் என்ற தொடக்கநிலைக் கட்டாவில் ஒரு கை கீழே தடுக்கும்போது மறு கை இடுப்புக்குப் போகிறதே, எதற்கு? "பவருக்காக" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து, முறுக்கி இழுத்து, அவரை நிலைகுலைய வைப்பதுதான் அந்தக் கையின் முக்கிய வேலை. ஜோடியாக நின்று பிடித்து இழுத்துப் பார்க்காதவருக்கு இது புரியாது. 1900களின் தொடக்கத்தில் கராத்தே ஆசான் இட்டோசு அங்கோ ஜப்பானின் ஒகினாவா தீவுப் பள்ளிகளுக்குக் கராத்தேயைக் கொண்டுபோனபோது, கூட்டமாக வரிசையில் நின்று செய்யும் முறை வளர்ந்தது. உடலுக்கு நல்லதுதான், ஆனால் அசைவுகளின் பயன் பின்னுக்குப் போனது.

கட்டணத்துக்காக மூன்று மாதத்துக்கொரு பெல்ட் தேர்வு வைப்பதும் கேடுதான்.

சேரும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். குத்தும்போது பின்னங்கால் குதிகால் தூக்கினால் ஆசிரியர் நிறுத்தித் திருத்துகிறாரா? மாணவர்கள் பேடில் (அடிகளைத் தாங்கும் மெத்தை) முழு பலத்தோடு அடிக்கிறார்களா? காற்றில் மட்டுமே குத்தும் வகுப்பில் மணிக்கட்டு மடங்குவது கடைசிவரை தெரியாது.