இரத்மலானை போகுமுன் இரவு வானத்தைப் பாருங்கள்

அக்கா, மகனின் விஞ்ஞானச் செயற்திட்டம் விமான விளக்குகளின் வரலாறு, அதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகம் வரை போவது பிரயோசனமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் போங்கள். ஆனால் பழைய விமானங்களில் விளக்கு எரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எதைத் தேடுவது என்று பிள்ளைக்கு முதலே தெரியவேண்டும்.

இறக்கை நுனிகளை வடிவாகப் பார்க்கச் சொல்லுங்கள். விமானியின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, வாலில் வெள்ளை. இது கப்பலிலிருந்து வந்த வழக்கம். 1848இலேயே பிரித்தானியா நீராவிக் கப்பல்களுக்குச் சிவப்பு, பச்சை விளக்குகளைக் கட்டாயமாக்கியது. பக்க விளக்கு ஒவ்வொன்றும் 110 பாகைக் கோணத்துக்குள் தெரியும், வால் விளக்கு 140 பாகைக்குள். கூட்டினால் 360. மகன் இதைப் படமாக வரைந்தாலே பாதி வேலை முடிந்துவிடும், எனக்கு மிகவும் பிடித்த கணக்கும் இதுதான்.

அப்புறம், இழை மின்குமிழ், செனான் வாயு நிரப்பிய பளிச்சிடும் விளக்கு, எல்.ஈ.டி என்ற மாற்றத்தையும் சேர்க்கலாம்.

புறப்படுமுன் ஓர் இரவு முற்றத்தில் நின்று வானத்தைப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் விமானம் உங்களை நோக்கி வருகிறது.