இங்கிலாந்தில் வீடும் நிலமும்: வாசகர் கேள்வி-பதில்

வந்த கடிதங்களில் பாதியில் வீடு ஃப்ரீஹோல்டா (நிலத்தோடு முழுச் சொந்தம்) லீஸ்ஹோல்டா (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை) என்ற விவரம்கூட இல்லை. அரசின் நிலப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் ஏழு பவுண்டு கட்டினால் பதிவேட்டின் நகல் கிடைக்கும். அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

வீட்டுக் கடன் முடிந்தும் வங்கி மூலப் பத்திரம் தரவில்லை. தொலைத்துவிட்டார்களா?

தொலைக்க அங்கே ஒன்றும் இருந்திருக்காது. பதிவான சொத்துக்குப் பதிவேடுதான் பத்திரம். காகிதச் சான்றிதழ் கொடுப்பதை 2003-லேயே நிறுத்திவிட்டார்கள். வங்கியின் அடமானம் பதிவேட்டிலிருந்து நீங்கிவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் போட்ட வேலி எங்கள் பக்கம் அரை அடி வந்துவிட்டது. லேண்ட் ரெஜிஸ்ட்ரி வரைபடத்தில் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். வழக்குப் போடலாமா?

ஸ்கேலைக் கீழே வையுங்கள். நகர்ப்புற வரைபடம் பெரும்பாலும் 1:1250 அளவில் இருக்கும். அதில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு, தரையில் இரண்டு அடி. அந்தக் கோடு எல்லையைத் தோராயமாகத்தான் காட்டும் என்று சட்டமே சொல்கிறது. ‘இடப்பக்க வேலி நம்முடையது’ என்பதும் வெறும் கதை. அரை அடிக்காக நீதிமன்றம் போனால் செலவு பல்லாயிரம் பவுண்டில் நிற்கும்.

ஃபிளாட் லீஸில் 83 ஆண்டு மிச்சம். நீட்டிக்க அவசரமா?

ஆமாம். 80-க்குக் கீழே இறங்கினால் ‘மேரேஜ் வேல்யூ’ (நீட்டிப்பதால் கூடும் மதிப்பில் நில உரிமையாளருக்குத் தரவேண்டிய பங்கு) சேர்ந்து தொகை எகிறும். வீடு வாங்கி இரண்டு ஆண்டு காத்திருக்கவேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் போய்விட்டது. அதனால் அந்தச் சாக்கும் இல்லை.

அண்ணன் பெயரில் வீடு வாங்கினோம். முன்பணத்தில் பாதிக்கு மேல் என்னுடையது. தவணைக்கும் மாதாமாதம் கொடுத்தேன். இப்போது அண்ணி, ‘வாடகைக்குத்தானே இருந்தீர்கள்’ என்கிறார். எனக்குப் பங்கு உண்டா?

இருக்கலாம். இந்தக் கடிதம் ஊர் மட்டும் மாறி, ஹாரோவிலிருந்தும் ஈஸ்ட் ஹாமிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது. எனக்கும் அலுத்துவிட்டது.

இங்கே பதிவேட்டில் பெயர் இருப்பது ஒன்று, வீட்டின் மதிப்பில் பங்கு இருப்பது இன்னொன்று. பெயர் இல்லை என்பதாலேயே பங்கு போய்விடாது. ஆனால் ‘ஆளுக்குப் பாதி’ என்று பேசியதையும், அதை நம்பிப் பணம் போட்டதையும் நீங்கள்தான் நிரூபிக்கவேண்டும். அன்றைய வங்கிக் கணக்குகள், குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் இன்றே சேர்த்து வையுங்கள்.

அப்புறம், நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. கடன் கிடைப்பதற்காக, ‘இந்தப் பணம் அன்பளிப்பு, வீட்டில் எனக்கு எந்த உரிமையும் வேண்டாம்’ என்று வங்கிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களா? இப்படிக் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு பக்கக் கடிதத்தை அண்ணனின் வக்கீல் முதல் நாளே எடுத்து நீட்டுவார்.

வாங்கும்போதே யாருக்கு எவ்வளவு பங்கு என்று ‘டிக்ளரேஷன் ஆஃப் டிரஸ்ட்’ எழுதியிருந்தால் சில நூறு பவுண்டோடு முடிந்திருக்கும். ‘அண்ணனிடம் எப்படிக் கேட்பது’ என்று கூச்சப்பட்டு, இப்போது அதே அண்ணன்மேல் வழக்குப் போட வழி கேட்கிறீர்கள். தாமதிக்காமல் சொலிசிட்டரைப் பாருங்கள். அண்ணனுடைய சொலிசிட்டரை அல்ல.

வீடு என் பெயரிலும் கணவர் பெயரிலும் இருந்தது. அவர் தன் பாதியைத் தங்கைக்கு உயில் எழுதிவிட்டு இறந்துவிட்டார். அந்தப் பாதி யாருக்கு?

‘ஜாயின்ட் டெனன்ட்ஸ்’, அதாவது தனித்தனிப் பங்கு இல்லாத கூட்டு உரிமை என்றால் முழு வீடும் உங்களுக்கு. உயிலால் அதை மாற்ற முடியாது. அவர் உயிரோடு இருந்தபோதே எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துப் பிரித்திருந்தாலோ, தொடக்கத்திலேயே ஆளுக்கொரு தனிப் பங்குள்ள ‘டெனன்ட்ஸ் இன் காமன்’ ஆக இருந்தாலோ அவர் பங்கு தங்கைக்குப் போகும். பதிவேட்டில், தனி உரிமையாளர் ஒருவரே விற்கத் தடை என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள்; பங்குகள் தனித்தனி என்பதற்கு அது அறிகுறி. மறுபடியும் சொல்கிறேன், ஏழு பவுண்டுதான்.

விலை பேசி முடித்த பிறகு வீட்டுக்காரர் வேறொருவருக்குக் கூடுதலாக விற்கிறார். தடுக்கலாமா?

ஒப்பந்தம் கைமாறவில்லை என்றால் முடியாது. வாய்ப்பேச்சுக்கு 1989 சட்டப்படி மதிப்பில்லை. சர்வே செலவு உங்கள் தலையில்.

எடின்பரோவில் ஒரு ஃபிளாட்...

ஸ்காட்லாந்துக்குச் சட்டம் வேறு. அங்குள்ள சொலிசிட்டரைக் கேளுங்கள்.